விலாவில் மூன்று கரும்புள்ளிகள்

1

லால்குடியிலிருந்து என் அண்ணன் பழைய பத்திரிகைகளைக் கட்டி, சணல் சுற்றி, கப்பல் தபாலில் அனுப்புவார். அது பினாங்கில் இறங்கி, தாப்பா வந்து, மலையேறி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருக்கும் தொடர்கதை நாயகிக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையே பிறந்திருக்கும். இந்த முறை வந்த கட்டில் ஒரு மருத்துவக் கட்டுரை இருந்தது. ஆண்களுக்கு வயதான காலத்தில் வரும் புரோஸ்டேட் புற்றுநோயைப் பற்றியது. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி அது. இப்போதெல்லாம் ஒலியை அனுப்பியே அதைப் படம் பிடிக்கிறார்களாம். நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று தலை முதல் கால் வரை ஒரே மூச்சில் பார்த்துவிடுகிறார்களாம். கதிரை நோயிருக்கும் இடத்துக்கு மட்டும் குறிவைத்துப் பாய்ச்சுகிறார்களாம். கத்தி வைக்காமல் ஊசியிலேயே அடக்குகிற மருந்துகூட மேல்நாட்டில் வந்துவிட்டதாம். இனிமேல் மனித உடம்புக்குள் நோய் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது என்று சந்தோஷமாக முடித்திருக்கிறார் எழுதியவர்.

படித்து முடித்ததும் எனக்கு வந்த எரிச்சலில் பத்திரிகையை மேசையில் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மாதிரி எந்திரம் ஒன்றின் அடியில் என் வீட்டுக்காரர் படுத்து எழுந்தவர்தான். அது எடுத்த படத்தை நானும் பார்த்தேன். நோய்க்கு ஒளிய இடமில்லை, சரி. எங்கள் வீட்டு ஆம்பிளைகள் வாய்க்குள் ஒளித்து வைப்பதை எந்த எந்திரம் படம் பிடிக்கும்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊரில் உங்கள் வீடுகளிலும் வயதான ஆண்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் வாய் இருக்கும். அதனால் அந்த வரியை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

என் வீட்டுக்காரர் பேர் மாணிக்கம். எழுதுவதால் எழுதுகிறேன், வாயால் சொல்வதில்லை. தேயிலை பேக்டரியில் டிரையர் மிஷின் பார்த்தவர். ஈர இலை உள்ளே போய், சூட்டில் காய்ந்து, கறுத்து வெளியே வரும் மிஷின் அது. சூடு கொஞ்சம் கூடினாலும் தூள் தீயப்போகிறது என்று மூக்காலேயே கண்டுபிடிப்பவர். தன் உடம்பில் மாதக்கணக்காகத் தீய்ந்துகொண்டிருந்தது மட்டும் அந்த மூக்குக்கு எட்டவில்லை.

அவர் இங்கே தோட்டத்திலேயே பிறந்தவர். பெண் கட்ட அவருடைய அப்பாவோடு எங்கள் ஊர்ப்பக்கம் வந்தார். மலாயாவென்றால் கடைத்தெருவும் கார்களுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் கப்பலேறினேன். வந்து பார்த்தால் மேகம். கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வந்து உட்காருகிற மேகம். இந்தக் குளிரில் தேங்காயெண்ணெய் நாள் முழுக்கக் கட்டியாகவே இருக்கும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் போத்தலை அடுப்போரம் வைத்துக் காத்திருக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவள் கையில் கத்தரியைக் கொடுத்துக் கொழுந்து வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அவருக்குக் குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டு, எனக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கான சிவப்பு. இத்தனை வருஷம் இந்த மண்ணில் கொழுந்து வெட்டியும் என் கார்டின் நிறம் மாறவில்லை. எந்தக் கவுன்டருக்குப் போனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும்.

மலாய் பேச நான் கற்றுக்கொண்டது கியா பார்ம் காய்கறிக் கடைகளில். கோசுக்கும் கேரட்டுக்கும் பேரம் பேசுமளவுக்குப் பேசுவேன். உடம்பைப் பற்றிப் பேச யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அண்ணனுக்கு எழுதும் கடிதத்தில் ‘பாசாருக்கு லோரியில் போனோம்’ என்று எழுதிவிட்டு, பாசார் எந்த ஊர் என்று அவர் பதில் போட்ட பிறகு சந்தை என்று திருத்தி எழுதியவள் நான்.

எங்களுக்கு ஒரே பையன், சேகர். படித்தான். படித்ததும் மலையிறங்கி கோலாலம்பூர் போனான். முதல் வருஷம் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதில் இங்கிலீஷில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே ‘சேகர்’ என்று மட்டும் தமிழில். வேலை கிடைத்ததா என்று கேட்டால் பதில் வராது. தோட்டத்து ஆபீஸ் போனில் கூப்பிடலாமென்றால் அங்கே தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் நாங்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்.

3

இந்தப் பையனுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்றுதான் இவர் முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டார்.

சேகருக்கு இதெல்லாம் பிடிக்காது. ஒரு தடவை ஊருக்கு வந்தபோதே சொல்லியிருந்தான்: “எனக்காக இதெல்லாம் எடுக்காதீங்கப்பா. இண்டர்வியூ முருகனா எடுக்கறாரு? ஆபீஸ்ல பாஸ்தான் லா எடுக்கறாரு.” இவர் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் விரதம் பிடித்தார். தைப்பூசத்தன்று பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கு மயில்தோகைக் காவடி எடுத்து நடந்தார். தூறல். ரோட்டில் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கல். கோயில் ஏற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் கால் வாரி, ரோட்டோரக் கால்வாயின் சிமென்ட் விளிம்பில் இடது பக்கமாக விழுந்தார். காவடியைக் கை விட்டிருந்தால் கையை ஊன்றித் தப்பித்திருப்பார். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே விழுந்தார். அப்படியும் காவடி தரை தொட்டது, செம்பிலிருந்த பால் கால்வாயில் போனது.

எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது. கூடவே வந்த கோயில் பண்டாரம் குனிந்து என் காதில் சொன்னார்: “காவடி சரிஞ்சிருச்சும்மா. யாருக்காக எடுத்தீங்களோ அந்தப் புள்ள காதுல இது விழவே கூடாது. அடுத்த வருசம் திருப்பி எடுத்து முடிச்சிருங்க. அதுக்கு முன்ன தெரிஞ்சுச்சுன்னா குடுத்தத சாமி திருப்பி எடுத்துக்கும்.”

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் எங்கள் லயம், அதில் அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதைக்கூட மறைக்க முடியாது. இதை மட்டும் மொத்த லயமும் சேர்ந்து மறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்டு எழுதுவார்கள் என்பதால் அங்கே போகவில்லை. பிரிஞ்சாங்கில் எலும்பு கட்டும் சீனக் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் தடவிப் பார்த்து, கன்னங்கரேலென்று ஒரு மருந்தைச் சுடச்சுடத் துணியில் அப்பி விலாவைச் சுற்றிக் கட்டினார். சாராய வாடை வீடெல்லாம் அடித்தது. பேக்டரியில் கேட்டவர்களிடம் வாயுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே டிரையர் முன்னால் நின்றார்.

கொஞ்ச நாள் கழித்து சேகரிடமிருந்து கடிதம் வந்தது. வங்கியில் கிளார்க் வேலை. இவர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. “முருகன் குடுத்துட்டான் புள்ள. இனி அடுத்த பூசம் வரைக்கும் வாயத் தொறக்காத. பிடுங்கிருவான்” என்றார். ஒரு நல்ல செய்தியைக் கேட்டு நடுங்கிய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த பூசத்துக்கு அவரால் காவடி எடுக்க முடியவில்லை.

4

ஏன் முடியவில்லை என்பதைக் கேட்டால் உங்களுக்கும் எரிச்சல் வரும். மூத்திரம் அடிக்கடி வந்தது, வந்தால் சொட்டுச் சொட்டாக வந்தது. இடுப்பு வலித்தது. எத்தனை மாதமாக இப்படி என்றால் சொல்ல மாட்டார். நானே கவனித்துக் கேட்டால், “இந்தக் குளுருக்கு எல்லாருக்கும் அப்படித்தான்” என்பார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே போய் என்ன சொன்னாரோ, தலைவலி மாத்திரையோடு வெளியே வந்தார்.

“ஏங்க, தலையா வலிச்சுது ஒங்களுக்கு?”

“அந்த ஆளு பொம்பளைங்க எல்லாம் உக்காந்திருக்கச்ச சத்தமா கேக்கறாரு. நா என்னத்தச் சொல்ல?”

கடைசியில் ஒரு நாள் அடியோடு நின்றுபோய், வயிறு கல்லாக வீங்கித் துடித்தபோது லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் போட்டு மூத்திரத்தை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு ஆரம்பித்தது கடிதப் படலம். தானா ராத்தாவிலிருந்து கீழே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். ஈப்போவில் கடிதத்தை வாங்கிவிட்டு, தோட்டத்திலிருந்து ஏன் கடிதம் இல்லை என்றார்கள். மலையேறித் தோட்டத்துக் கடிதத்தோடு போனால், முதல் கடிதத்தை எடுத்துவைத்தவர் லீவில் போயிருந்தார். கவுன்டரில் என் கார்டைக் கேட்டார்கள். நோயாளி நானில்லை என்றேன். கேட்டதைக் கொடு என்றார்கள். சிவப்பைப் பார்த்தார்கள். வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அந்த வரிசையின் முடிவில் இருந்தவர் பழைய வரிசைக்கே போகச் சொன்னார். இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் குழாயும் பையுமாக, யாரோ பார்க்கிறார்கள் என்று பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

ஈப்போவில் டாக்டர் விரல் விட்டுச் சோதித்திருக்கிறார். இவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் பாதி மலை ஏறின பிறகு, “அந்தப் பொடியனுக்கு நம்ம சேகர் வயசு இருக்கும்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அதற்கு இன்னொரு கடிதம்.

5

கோலாலம்பூரில் சேகர் வந்து நின்றான். டாக்டர்கள் இங்கிலீஷில் பேசினார்கள், எங்களுக்கு எடுத்துச் சொல்ல அவன்தான். இதைக் குறை சொல்ல மாட்டேன், லீவு போட்டுவிட்டுத்தான் வந்தான். ஆனால் அவன் தமிழ் மலையிறங்கும்போதே பாதி வழியில் நின்றுவிட்டது.

முதலில் எலும்புப் படம். அதை வைத்துத்தான் எல்லாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோய் அந்தச் சுரப்பியோடு நின்றிருந்தால் கதிர் கொடுத்து அழித்துப் பார்க்கலாம், பிழைக்க வழியிருக்கிறது. எலும்புக்குப் போயிருந்தால் அழிக்க முடியாது, கொஞ்ச காலம் அடக்கி வைக்கத்தான் முடியும். அன்று காலை கையில் ஒரு ஊசி போட்டார்கள். அதிலிருக்கும் மருந்து எலும்பில் எங்கே கோளாறோ அங்கே போய்ச் சேருமாம். சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். மருந்து ஊற மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், மூத்திரம் போய்விட்டு வர வேண்டும் என்றார்கள். மூத்திரம் போக முடியாமல் வந்த ஆளிடம் இதைச் சொல்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கூட ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று நர்ஸ் சொல்ல, சேகர் போனான். நான் வெளியே பெஞ்சில் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவுக்கு உள்ளே நடந்ததைப் பிற்பாடுதான் சேகர் சொன்னான். படம் எடுத்து முடித்ததும் டாக்டர் கேட்டிருக்கிறார், அவன் தமிழில் சொல்லியிருக்கிறான்:

“அப்பா, எங்கயாச்சும் விழுந்தீங்களா? அடிகிடி பட்டுச்சா?”

“இல்ல.”

“பேக்டரில? மோட்டார் சைக்கிள்ல?”

“நா எதுக்குடா விழறேன்?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டாக்டர் ரெண்டாவது வாட்டி கேக்கறாரு.”

“ரெண்டாவது வாட்டி கேட்டா விழுந்துருவேனா? இல்லன்னு சொல்லு.”

அவன் ‘நோ’ என்று சொல்லிவிட்டான். அவனுக்கென்ன தெரியும்? தெரியக் கூடாதென்றுதானே ஒரு லயமே வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது.

6

அடுத்த வாரம் முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். அன்று என்னையும் உள்ளே விட்டார்கள். கண்ணாடி போட்ட சீன டாக்டர், அமைதியாகப் பேசுகிறவர். சுவரில் விளக்கு எரியும் வெள்ளைப் பலகையில் படத்தை மாட்டினார். புள்ளிப் புள்ளியாக ஒரு மனுஷன். மண்டை, முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் சாம்பல் நிறத்தில். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சாதுவாக ஒரு நாளும் நின்றதில்லை.

டாக்டர் ஏதோ சொன்னார். சேகர் கேட்டான், கழுத்தைத் தடவினான், என்னைப் பார்த்தான், உடனே பார்வையைக் கீழே போட்டான்.

“என்னடா சொல்றாரு?”

“எலும்புக்குப் போயிருச்சுபோலம்மா. கரெண்டு வச்சு பிரயோஜனம் இருக்காதாம். ஆபரேசன் பண்ணணுமாம்.”

“என்ன ஆபரேசன்?”

அவனுக்குத் தமிழில் அதற்கு வார்த்தை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அம்மா எதிரில் சொல்லியிருக்க மாட்டான். “அது… கீழ… ரெண்டையும் எடுத்துடணுமாம். ஆம்பளச் சத்து நின்னா நோவு அடங்குமாம்” என்றான். காது வரை சிவந்துவிட்டது அவனுக்கு. இவர் கல்லாக உட்கார்ந்திருந்தார். வேட்டியை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் படத்தைப் பார்த்தேன். கரும்புள்ளி எங்கே என்று கேட்டேன். சேகர் காட்டினான். இடது விலாவில் மூன்று. ஒன்றின் கீழ் ஒன்றாக, சட்டைப் பித்தான் மாதிரி. முதுகெலும்பிலும் இடுப்பிலும் ஒன்றுமில்லை.

எனக்கு அந்த இடம் தெரியும். சாராய வாடையடித்த துணியை என் கையாலேயே அவிழ்த்துக் கட்டிய இடம்.

“சேகரு, இவரு எங்கயாச்சும் விழுந்தாரான்னு டாக்டர் கேட்டாரா?”

“கேட்டாரும்மா. போன வாரம் ரெண்டு தடவ கேட்டாரு. அப்பா இல்லன்னு சொன்னாரு.”

திரும்பி இவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரைக் கட்டிப்பிடித்து அழலாம்போலவும் இருந்தது, நாலு அறை விடலாம்போலவும் இருந்தது. ஆண்மையையே அறுத்தெடுக்கப் போகிறார்கள், உயிருக்குக் கெடு வைக்கிறார்கள், அதற்கும் சரியென்று உட்கார்ந்திருக்கிறார். பையன் வேலை போய்விடக் கூடாதாம்.

தமிழில் சொன்னால் சேகர் கேட்டு, நம்பாமல், அப்பாவிடம் கேட்டு, அவர் இல்லையென்று சொல்லி, மறுபடி ‘நோ’ ஆகிவிடும். அதனால் என் கோசு வாங்கும் மலாயிலேயே டாக்டரைப் பார்த்து நேராகச் சொன்னேன்.

“டொக்டர், டியா ஜாத்தோ.”

அவர் விழுந்தார் என்று அர்த்தம். என் விலாவில் கை வைத்துக் காட்டினேன். “சினி” என்றேன், இங்கே என்று.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பீலா?” என்றார். எப்போது?

“தைப்பூசம். தாவுன் லாலு.” போன வருஷத்துப் பூசம். அதற்கு மேல் மலாய் எனக்கு வரவில்லை. இரண்டு கையையும் தோளில் காவடி தாங்குவதுபோல் தூக்கிப் பிடித்து, அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்து காட்டினேன். அந்த அறையில், என் வயதில், முந்தானை நழுவ, காவடி விழுந்து காட்டினேன்.

“ஏ புள்ள!” என்று கத்தினார் இவர்.

சேகர் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “காவடியா? எப்ப? எதுக்கு?” என்றான்.

“ஒனக்குத்தான்டா” என்றேன்.

டாக்டர் எழுந்து வந்து இவர் சட்டையைத் தூக்கி விலாவை அழுத்தினார். ஓரிடத்தில் மேடு தட்டியது. ஒரு சீட்டு எழுதிச் சாதாரண எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். வந்த படத்தில் மூன்று விலாவும் உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது தெரிந்தது. எலும்பு உடைந்து கூடிய இடத்திலும் அந்த ஊசி மருந்து போய்ச் சேருமாம். அதற்கு நோயும் ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். இப்படி வரிசையாக இருந்தால் அடியாக இருக்கலாம் என்று தனக்கே சந்தேகம் இருந்ததாகவும், அதனால்தான் இரண்டு முறை கேட்டதாகவும் டாக்டர் சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் முருகனுக்குப் பயந்து டாக்டரை ஏமாற்றினார்.

ஆபரேஷன் இப்போது வேண்டாம், கதிர் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

7

கதிர் வைத்து முடியும்வரை சேகர் வீட்டில் தங்கினோம். வயிற்றிலும் இடுப்பிலும் ஊதா மையால் கோடும் சிலுவையுமாகப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் குறியைப் பார்த்துத்தான் தினமும் எந்திரத்தைத் திருப்புவார்களாம். அழிந்தால் கதிர் இடம் மாறிவிடும், அங்கே தண்ணீர் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாத மனிதர் இவர். வாசலில் நின்று, “குளிக்காம எப்படி உள்ள வர்றது?” என்பார். ஈரத் துணியால் கையையும் காலையும் துடைத்துவிட்டு உள்ளே இழுப்பேன். அதுகூட என்னோடு பேசிய பேச்சு இல்லை, காற்றைப் பார்த்துச் சொன்னது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பிழைக்க வழி திறந்துவிட்டவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

சேகரோடு மட்டும் பேசினார், அதுவும் ஒரே பேச்சு. சாயங்காலம் அவன் வேலை முடிந்து கதவைத் திறந்தால் போதும், இவர் எழுந்து நின்றுவிடுவார்.

“ஆபீஸ்ல ஏதாச்சும் சொன்னாங்களா?”

“என்ன சொல்வாங்க? ஒண்ணுமில்லப்பா.”

“மேனேஜர் கூப்பிட்டாரா?”

“இல்லையே.”

ஒரு பெருமூச்சு விட்டு உட்காருவார். மறுநாள் காலை கதிருக்குப் போவார், சாயங்காலம் மறுபடி கேட்பார். வயிற்றுப்போக்கும் களைப்புமாகச் சுருண்டு படுத்திருந்த நாளிலும் கதவுச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார். சாப்பாடு இறங்கவில்லை. கதிரினால் இருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எனக்குக் காரணம் தெரியும்.

ஒரு சாயங்காலம் சேகர் அடுக்களைக்கு வந்து என்னிடம் கேட்டான். “ஏம்மா அப்பா தினம் இதையே கேக்கறாரு? என் வேலையப் பத்தி அவருக்கு என்ன பயம்?”

சொன்னேன். பண்டாரம் சொன்னது, லயம் வாயை மூடியது, வேலை கிடைத்த கடிதத்தைப் பார்த்து இவர் நடுங்கியது, காதில் விழுந்துவிட்டதால் இனி எந்த நிமிஷமும் வேலை போய்விடும் என்று காத்துக்கொண்டிருப்பது. அவன் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றான்.

“ம்மா” என்றான். “அந்த வேல எனக்கு தைப்பூசத்துக்கு முன்னாலயே கெடச்சிருச்சும்மா.”

“என்னடா சொல்ற?”

“தீபாவளி கழிஞ்ச கையோட. நெரந்தரம் ஆனப்புறம் எழுதலாம்னு இருந்தேன். அப்புறம்… மறந்துட்டேன். நீங்க எதிர்பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு தோணல.”

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். இல்லாவிட்டால் அவன்மேல்தான் வைத்திருப்பேன். ஒரு வரி. ஒரு தபால்தலை. அதை இவன் போட்டிருந்தால் விரதம் இல்லை, வழுக்கல் இல்லை, மூன்று விலா இல்லை, அந்தப் படத்தில் கரும்புள்ளியே இல்லை. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவன் கண் நிரம்பி நின்றான்.

என் சத்தம் கேட்டு இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். “என்ன? வேல போச்சா?” என்றார்.

“போகலப்பா” என்றான் சேகர். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான். இவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். திட்டப் போகிறார், ஒரு தடவையாவது இந்தப் பையனைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“எந்த மாசம்னு சொன்ன?”

“தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம்ப்பா.”

“அப்ப பூசத்துக்கு முன்னாலயே.”

“ஆமாப்பா.”

அவர் முகம் தெளிந்தது. மாதக்கணக்காக நான் பார்க்காத முகம். “அப்ப முருகன் முன்னாலயே குடுத்துட்டான்டா. நா கேக்கறதுக்காக எடுக்கல, குடுத்ததுக்காகத்தான் எடுத்திருக்கேன். அது நன்றிக் காவடி. நன்றிக் காவடி சரிஞ்சா குத்தமில்ல” என்றார். அப்படி ஒரு சட்டத்தை அந்த நிமிஷம்தான் அவரே போட்டார். பண்டாரத்தைக் கூட்டிவந்து கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு என் பக்கம் திரும்பினார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்கிற? பசிக்குது. சோத்தப் போடு.”

போட்டேன். சேகரும் பக்கத்தில் உட்கார்ந்தான். இவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகன் தன் சோற்றைத் தொடாமல் அப்பா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகில் தட்டி, “சாப்புடுடா, ஆறிப்போவுது” என்றார் இவர். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறாய் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். ஆத்திரம் என்று சொன்னேன். பொய்யில்லை, பாதி அதுதான்.